வீட்டு வீடியோ டிஸ்க்: பிளேயரில் தொடங்கி கேம்கார்டருக்கு வாருங்கள்

கேம்கார்டரை வாங்கி, ஒரு வருடம் சளைக்காமல் எடுத்துத் தள்ளிய பிறகுதான் பலருக்கும் டிஸ்க் ஞாபகம் வருகிறது. "இதையெல்லாம் ஒரு டிவிடியாப் போட்டுக் குடுப்பா, டிவியில பார்த்துக்கிறேன்" என்று வீட்டுப் பெரியவர் யாராவது கேட்பார். தலைவலி அன்றைக்குத் தொடங்கும். கேமரா தந்த ஃபைலை மென்பொருள் திறக்காது. மென்பொருள் போட்டுக் கொடுத்த டிஸ்க்கைப் பிளேயர் படிக்காது. படித்தாலும் ஆட்கள் நீளமாகவோ குள்ளமாகவோ தெரிவார்கள்.

நான் இப்போதெல்லாம் வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொள்கிறேன். முதலில் டிஸ்க் ஓடப்போகும் பிளேயர், அடுத்து டிஸ்க்கின் வகை, அப்புறம் மென்பொருள், கடைசியில்தான் கேமரா. இந்த நான்கில் எது பழையதோ, எது கறாரானதோ, அதுதான் மற்ற மூன்றையும் முடிவு செய்கிறது. பெரும்பாலும் அது பிளேயராகத்தான் இருக்கும்.

படி 1: பிளேயரைப் போய்ப் பாருங்கள்

டிஸ்க் யாருக்கோ, அவர் வீட்டு டிவிக்குக் கீழே என்ன பெட்டி இருக்கிறது என்று பாருங்கள். அதன் முகப்பில் அச்சிட்டிருக்கும் சின்னங்கள் போதும். டிவிடி வீடியோ சின்னம் மட்டும் இருந்தால் உங்களுக்கு ஒரே வழி: டிவிடி. புளூரே சின்னம் இருந்தால் இரண்டு வழி.

டிவிடி 1996-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் வரையறை அன்றைக்கு எழுதியபடியே உறைந்து நிற்கிறது. படம் பெரும்பாலும் எம்பெக்-2 என்ற சுருக்கும் முறையில்தான் இருக்கும். அளவு அதிகபட்சம் 720க்கு 576 புள்ளிகள், அல்லது 720க்கு 480. உங்கள் கேமரா 4கே என்றாலும் டிவிடிக்குள் போகும்போது இந்தச் சின்னச் சட்டத்துக்குள் அடங்கியே ஆக வேண்டும். 4கே படத்தில் 3840க்கு 2160 புள்ளிகள். வகுத்துப் பாருங்கள், டிவிடியின் 720க்கு 576 என்பது அதில் சரியாக 20-இல் ஒரு பங்கு. டிவிடிக்காக மட்டுமே 4கே கேமரா வாங்குபவரிடம் நான் சொல்வது இதைத்தான். வாங்கக் கூடாது என்பதில்லை, டிஸ்க்கில் அது தெரியாது, அவ்வளவுதான்.

புளூரே என்றால் 1920க்கு 1080 வரை போகலாம், எச்.264 என்ற சுருக்கும் முறையை ஏற்கும், ஒரு லேயரில், அதாவது ஒரு பதிவு அடுக்கில், 25 ஜிபி கொள்ளும். படத்தின் தெளிவில் வித்தியாசம் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். ஆனால் எழுத புளூரே ரைட்டர் வேண்டும், பார்ப்பவர் வீட்டிலும் புளூரே பிளேயர் வேண்டும்.

நடுவில் ஒரு குறுக்கு வழி உண்டு. சாதாரண டிவிடி டிஸ்க்கிலேயே எச்டி படத்தை ஏவிசிஎச்டி முறையில் எழுதலாம். ஏவிசிஎச்டி சின்னம் உள்ள புளூரே பிளேயர்கள் அதை ஓட்டும். ஆனால் அந்த டிஸ்க்கைச் சாதாரண டிவிடி பிளேயரில் போடாதீர்கள். ஓடாது என்பது ஒரு பக்கம், சில பிளேயர்கள் டிஸ்க்கை வெளியே துப்பவும் மறுத்துவிடும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி டிவிடிதான் என்பதால், பல கை மாறும் டிஸ்க்குக்கு இந்த வழி வேண்டாம் என்பது என் கட்சி.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். எம்பி4 ஃபைலை வெற்று டிவிடியில் காப்பி செய்தால் அது டிவிடி வீடியோ ஆகாது, ஃபைல் வைத்த டப்பா மட்டுமே. புதிய பிளேயர்கள் சில அதையும் ஓட்டும். ஆனால் பிளேயரில் போட்டதும் மெனு வந்து, ரிமோட்டில் அழுத்தினால் படம் ஓட வேண்டும் என்றால், டிஸ்க்குக்குள் வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டரும் அதற்குள் விஓபி, ஐஎஃப்ஓ ஃபைல்களும் முறைப்படி இருக்க வேண்டும். அதைச் செய்வதற்குத்தான் தனி மென்பொருள் தேவைப்படுகிறது.

அடுத்தது பால், என்டிஎஸ்சி விவகாரம். பால் என்றால் குடிக்கிற பால் இல்லை, டிவி முறையின் பெயர். ஐரோப்பாவிலும் ஆசியாவின் பெரும்பகுதியிலும் பால்: நொடிக்கு 25 படங்கள், 720க்கு 576. அமெரிக்கா, கனடா, ஜப்பான் போன்ற நாடுகளில் என்டிஎஸ்சி: நொடிக்கு 29.97 படங்கள், 720க்கு 480. பால் நாடுகளில் விற்கும் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டிவிடும். என்டிஎஸ்சி நாட்டுப் பிளேயர்கள் பல, பால் டிஸ்க்கைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆகவே டிஸ்க் கடல் கடந்து போகிறதென்றால் போகிற ஊரின் முறை எது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இது கேமராவையும் தொடும். வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வரும் கேம்கார்டரில் 60ஐ (நொடிக்கு 60 பாதிப் படங்கள்), 60பி (நொடிக்கு 60 முழுப் படங்கள்) மட்டுமே இருந்து, 50-க்கு மாற்ற மெனுவே இல்லாமல் போவது சாதாரணம். 60-இல் எடுத்ததை 25-க்கு மாற்றினால் நடப்பவர்கள் தத்தித் தத்தி நடப்பார்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் படம் படபடக்கவும் செய்யும். உறவினரிடம் கேமரா வாங்கி வரச் சொல்வதற்கு முன் இந்த ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: டிஸ்க்கும் அதன் கணக்கும்

ஒரு லேயர் டிவிடி 4.7 ஜிபி. விண்டோஸ் கணினியில் போட்டால் 4.38 என்று காட்டும். யாரும் திருடவில்லை. உறையில் 1000-ஆல் பெருக்கிக் கணக்கிடுகிறார்கள், விண்டோஸ் 1024-ஆல் கணக்கிடுகிறது.

எத்தனை நிமிடம் பிடிக்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்க வேண்டும்: என் வீடியோ இத்தனை நிமிடம், அதற்கு எவ்வளவு பிட்ரேட் கிடைக்கும்? பிட்ரேட் என்பது ஒரு நொடிப் படத்துக்கு டிஸ்க்கில் எவ்வளவு இடம் கொடுக்கிறோம் என்பது. இடம் குறைந்தால் அசைவு அதிகமுள்ள காட்சிகளில் படம் கட்டம் கட்டமாகச் சிதறும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 4.7 ஜிபி என்பது 37,600 மெகாபிட். மெனுவுக்கும் ஓரத்தில் கொஞ்சம் காலியாக விடவும் 5 சதவீதம் ஒதுக்கினால் சுமார் 35,700 மிஞ்சும். உங்கள் வீடியோ 96 நிமிடம் என்றால் 5,760 நொடிகள். 35,700-ஐ 5,760-ஆல் வகுத்தால் 6.2. அதில் ஒலிக்கு கால் மெகாபிட் போனால் படத்துக்கு நொடிக்கு 5.9 மெகாபிட். நல்ல எண்தான். இரண்டு மணி நேரத்துக்கு இதே கணக்கு 5-க்குக் கொஞ்சம் கீழே வரும், சமாளிக்கலாம். மூன்று மணி நேரத்தைத் திணித்தால் சுமார் 3, பார்க்கச் சகிக்காது. இரண்டு டிஸ்க்காகப் பிரித்துவிடுங்கள்.

எதிர்ப்பக்கமும் ஒரு எல்லை உண்டு. டிவிடியில் படத்துக்கு உச்சவரம்பு 9.8 மெகாபிட். வீடியோ அரை மணி நேரம்தானே, உச்சத்திலேயே வைப்போம் என்று ஆசைப்படாதீர்கள். வீட்டில் எழுதிய டிஸ்க்கை அந்த வேகத்தில் படிக்கப் பழைய பிளேயர்கள் திணறும், படம் விக்கி விக்கி ஓடும். நான் 8-க்கு மேல் போவதில்லை.

ஒலியில் டால்பி டிஜிட்டல் தேர்ந்தெடுங்கள். 192 முதல் 256 கிலோபிட்டில் இரண்டு சேனல் ஒலி நன்றாகவே இருக்கும். சுருக்காத பிசிஎம் ஒலி மட்டுமே நொடிக்கு 1.5 மெகாபிட் விழுங்கும். படத்துக்குப் போக வேண்டிய இடம் அது.

வெற்று டிஸ்க்கில் மைனஸ் ஆர், பிளஸ் ஆர் என்று இரண்டு. இன்றைய ரைட்டர்கள் இரண்டையும் எழுதும். மிகப் பழைய பிளேயருக்குப் போகிறதென்றால் மைனஸ் ஆர் கொஞ்சம் பாதுகாப்பு. 8.5 ஜிபி இரட்டை லேயர் டிஸ்க்கை நான் தவிர்க்கிறேன். லேயர் மாறும் இடத்தில் சில பிளேயர்கள் ஒரு கணம் உறையும், சில அங்கேயே நின்றுவிடும். அழித்து எழுதக்கூடிய ஆர்டபிள்யூ டிஸ்க் ஒன்று மட்டும் கட்டாயம் வாங்கி வையுங்கள். எதற்கென்று படி 5-இல் சொல்கிறேன்.

படி 3: மென்பொருள்

ஒரு காலத்தில் இது எளிதாக இருந்தது. விண்டோஸ் விஸ்டாவிலும் 7-லும் விண்டோஸ் டிவிடி மேக்கர் பல பதிப்புகளில் கூடவே வந்தது. 8-இல் எடுத்துவிட்டார்கள். ஆப்பிளின் ஐடிவிடி புது மேக்குகளுடன் வருவது 2011-இலேயே நின்றது. தொழில்முறைக்காரர்கள் நம்பியிருந்த அடோபி என்கோர் சிஎஸ்6-உடன் முடிந்துபோனது. டிஸ்க் பழைய விஷயம் என்று நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்கின்றன. ஆகவே காசு கொடுத்து எடிட்டிங் மென்பொருள் வாங்குவதாக இருந்தால், இன்றைய பதிப்பில் டிஸ்க் எழுதும் வசதி இருக்கிறதா, மெனு போட முடியுமா என்று அந்தப் பதிப்பின் வசதிப் பட்டியலிலேயே பாருங்கள். ஐந்து வருடம் பழைய விமர்சனத்தை நம்பி வாங்கினால், அவர் புகழ்ந்த வசதி இப்போது இல்லாமல் இருக்கலாம்.

எல்லாம் ஒரே மென்பொருளில் வேண்டும் என்று தேடுவதை விட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். வேலை மூன்று: வெட்டி ஒட்டுவது, டிவிடி அமைப்பாக மாற்றி மெனு போடுவது, டிஸ்க்கில் எழுதுவது. மூன்றுக்கும் தனித்தனியாக இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. வெட்டி ஒட்ட ஷாட்கட், ஓபன்ஷாட், டாவின்சி ரிசால்வ் மாதிரி எதுவும் சரி, கைக்குப் பழகியது எதுவோ அதுவே நல்லது. மெனுவுக்கும் டிவிடி அமைப்புக்கும் டிவிடிஸ்டைலர். விண்டோஸில் எழுத இம்ஜ்பர்ன். இதன் கடைசிப் பதிப்பு 2013-இல் வந்தது, இன்றும் தன் வேலையைச் செய்கிறது. லினக்ஸில் கே3பி, பிரேசரோ. ஹேண்ட்பிரேக்கைப் பலர் டிவிடி போடும் மென்பொருள் என்று நினைக்கிறார்கள். அது டிஸ்க் போடாது, ஃபைல் வகையைத்தான் மாற்றும். ஆனால் அதற்கும் ஒரு வேலை இருக்கிறது, பிறகு வருகிறேன்.

டிவிடிஸ்டைலர் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பார்க்க அவ்வளவு அழகில்லை, வேலைக்கு நல்லது. திறந்ததும் புது டிஸ்க்குக்கான ஒரு பெட்டி வரும். பலர் அதைப் படிக்காமல் சரி என்று அழுத்திவிடுகிறார்கள். பின்னால் வரும் தொல்லைகளில் முக்கால்வாசி அந்தப் பெட்டியில்தான் பிறக்கிறது. டிஸ்க்கின் கொள்ளளவு 4.7, பாலா என்டிஎஸ்சியா, படத்தின் அகல-உயர விகிதம் 4:3-ஆ 16:9-ஆ, ஒலி எந்த வகை என்று ஒவ்வொன்றையும் நீங்களே வையுங்கள். பிட்ரேட்டைத் தானாகக் கணக்கிட விடலாம். நீங்கள் போட்ட கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இந்த 4:3, 16:9 சங்கதியில் நான் ஒருமுறை நன்றாகவே மாட்டினேன். வீட்டுக் கல்யாண வீடியோ. அகலப் படமாக எடுத்ததை, அந்தப் பெட்டியில் 4:3 என்று இருந்ததைக் கவனிக்காமல் அப்படியே போட்டு, பத்துப் பிரதி எழுதி எல்லோருக்கும் கொடுத்தும் விட்டேன். மறுநாள் மாமா கூப்பிட்டார்: "ஏம்ப்பா, கேமராவுல எல்லாரும் இப்படி ஒல்லியாத் தெரியுறாங்க?" பத்து டிஸ்க்கும் குப்பைக்கூடைக்கு. சித்தி மட்டும் தன் பிரதியைத் திருப்பித் தர மறுத்துவிட்டார், அதில் அவர் அழகாக இருக்கிறாராம். காரணம் இதுதான்: டிவிடியில் 4:3 படமும் 16:9 படமும் அதே 720 புள்ளிகளில்தான் இருக்கின்றன. இதை விரித்துக் காட்டு, இதை அப்படியே காட்டு என்று பிளேயருக்குச் சொல்வது ஒரு சின்னக் குறி. குறி தப்பினால் முகம் தப்பும்.

இரண்டாவது பொறி, வரிகளின் வரிசை. கேம்கார்டரின் 50ஐ, 60ஐ முறைகளில் ஒவ்வொரு படமும் இரண்டு பாதிகளாக, ஒற்றை வரிகள் தனியாக இரட்டை வரிகள் தனியாகப் பதிவாகிறது. எந்தப் பாதி முதலில் என்பதில் கேமராக்கள் ஒத்துப்போவதில்லை. மினிடிவி கேசட் கேமராக்கள் கீழ்ப் பாதியை முதலில் வைக்கும், எச்டி படம் எடுக்கும் எச்டிவி, ஏவிசிஎச்டி வகைக் கேமராக்கள் மேல் பாதியை. டிவிடி இரண்டையும் ஏற்கும், எது என்று சரியாகச் சொல்லிவிட்டால் போதும். தவறாகச் சொன்னால், அசையாத காட்சி கண்ணாடி மாதிரி இருக்கும், யாராவது கையை ஆட்டினால் மட்டும் கை முன்னும் பின்னுமாக நடுங்கும். கணினித் திரையில் இது பல நேரம் தெரியாது, டிவியில் பளிச்சென்று தெரியும். அப்புறம், டிவிடிக்குத்தான் போகிறது என்றால் டீஇன்டர்லேஸ் என்ற வடிகட்டியைப் போட்டு இரண்டு பாதியையும் ஒன்றாகப் பிசையாதீர்கள். அசைவின் மென்மை போய்விடும்.

எடிட்டிங் மென்பொருள் ஏற்கெனவே டிவிடிக்கு ஏற்ற எம்பெக்-2 ஃபைலாகத் தந்திருந்தால், டிவிடிஸ்டைலரில் அந்த வீடியோவின் அமைப்பில் காப்பி என்று வையுங்கள். இல்லாவிட்டால் மறுபடி ஒருமுறை சுருக்கும். சுருக்கியதையே சுருக்குவது, ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுப்பது போல.

மெனுவில் அதிகம் வித்தை காட்ட வேண்டாம். பின்னணிக்கு ஒரு நல்ல படம், பெரிய எழுத்தில் மூன்று நான்கு பட்டன், போதும். பழைய டிவிகள் படத்தின் ஓரங்களை வெட்டிக் காட்டும் என்பதால் எழுத்தையும் பட்டனையும் நான்கு ஓரத்திலிருந்தும் பத்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளி வையுங்கள். சாப்டர் குறிகளை ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று தானாகப் போட விடாமல், நிகழ்ச்சி மாறும் இடங்களில் நீங்களே வைத்தால் பார்ப்பவர் வாழ்த்துவார்.

புளூரே போடுபவருக்கு ஒரு எச்சரிக்கை. இன்றைய கேம்கார்டர்கள் பெருமையாகச் சொல்லும் 1080 50பி, 60பி முறை, புளூரே வரையறையில் இல்லை. 1080 என்றால் 50ஐ, 60ஐ, அல்லது நொடிக்கு 24 படம். 50பி வேண்டுமென்றால் 720-க்கு இறங்க வேண்டும். 50பி-யில் எடுத்து வந்தால் மென்பொருள் எல்லாவற்றையும் மறுபடி சுருக்கும், நேரமும் போகும், தரமும் கொஞ்சம் போகும். புளூரேதான் போகிற இடம் என்று தெரிந்தால் கேமராவிலேயே 50ஐ வைத்து எடுத்துவிடுங்கள்.

படி 4: இப்போது கேம்கார்டர்

கேசட் கேமரா ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். மினிடிவி, டிவிடிக்குப் பொருத்தமான துணை. அதன் படமும் 720க்கு 576 தான், சுருக்கமும் குறைவு, நொடிக்கு 25 மெகாபிட். ஒரு மணி நேரக் கேசட் கணினியில் சுமார் 13 ஜிபி ஆகும். சிக்கல் கணினிக்குக் கொண்டுவருவதில்தான். ஃபயர்வயர் கேபிள் வழியாகத்தான் முழுத் தரம் வரும், அந்தச் சாக்கெட் இன்றைய லேப்டாப்புகளில் இல்லை. கேமராவின் யூஎஸ்பி பல மாடல்களில் புகைப்படத்துக்கு மட்டும். ஒரு மணி நேரக் கேசட்டை எடுக்க ஒரு மணி நேரம் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள், அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

8 செமீ குட்டி டிவிடியில் நேரடியாக எழுதும் பழைய கேம்கார்டர்கள் இரண்டாம் கையாகக் கிடைக்கும். "டிஸ்க் போடத்தானே, இதில் நேரே டிஸ்க்கே வருகிறதே" என்று மயங்கிவிடாதீர்கள். அந்தக் குட்டி டிஸ்க் 1.4 ஜிபி, சாதாரணத் தரத்தில் அரை மணி நேரம்தான். கேமராவிலேயே எம்பெக்-2 ஆகச் சுருக்கிவிடுவதால் வெட்டி ஒட்டும்போது தரம் இன்னும் இறங்கும். ஃபைனலைஸ் செய்ய, அதாவது பதிவை முடித்து மூட, மறந்தால் பெரும்பாலும் வேறு எதிலும் ஓடாது. டிஸ்க்கை வாய்க்குள் இழுத்துக்கொள்ளும் வகை டிரைவில் குட்டி டிஸ்க்கைப் போட்டால் மாட்டிக்கொள்ளவும் கூடும்.

புதிதாக வாங்குவதென்றால் மெமரி கார்டு கேம்கார்டர்தான். பெட்டி மேல் இருக்கும் எண்களில் நான் பார்ப்பது கொஞ்சம்தான். ஆப்டிகல் ஜூம் எவ்வளவு? 20 எக்ஸ் இருந்தால் தாராளம். டிஜிட்டல் ஜூம் என்று நூற்றுக்கணக்கில் போட்டிருப்பதைப் படிக்கவே வேண்டாம், அது எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் 4கே கேம்கார்டர்கள் சிலவற்றில் டிஜிட்டல் ஜூம் மட்டுமே இருக்கும், லென்ஸ் அசையவே அசையாது. அதற்கு உங்கள் போனே மேல். அடுத்து, கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி லென்ஸில் இருக்கிறதா? அதைத்தான் ஆப்டிகல் என்பார்கள், மென்பொருளால் சமாளிப்பது அதற்கு அடுத்த தட்டுதான். டிவிடி வீடியோவுக்கு இது இரட்டிப்பாக முக்கியம். ஆடும் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் மாறிக்கொண்டே இருப்பதால், இருக்கிற கொஞ்ச பிட்ரேட்டும் அதிலேயே கரைந்துபோகும். நல்ல ஸ்டாண்டில் நிறுத்தி எடுத்த படம் அதே பிட்ரேட்டில் வேறு படம் போலத் தெரியும்.

மைக் சாக்கெட், ஹெட்போன் சாக்கெட் இரண்டும் இருக்கிறதா? இதை நான் புள்ளிகளின் எண்ணிக்கைக்கு மேலே வைப்பேன். டிவிடிக்குப் போகும்போது படம் 20-இல் ஒரு பங்காகச் சுருங்கலாம், ஒலி அப்படிச் சுருங்குவதில்லை. நீங்கள் எடுத்த ஒலி ஏறக்குறைய அப்படியே போய்ச் சேரும். தாத்தா பேசியது கேட்கவில்லை என்றால் 4கே-யில் அவர் மீசை எண்ணும்படி தெரிந்து என்ன பயன்?

பதிவு முறைகளில் 50ஐ அல்லது 60ஐ, உங்களுக்கு வேண்டியது இருக்கிறதா என்று பாருங்கள். ஏவிசிஎச்டி கேமரா 24 மெகாபிட்டில் மணிக்குச் சுமார் 11 ஜிபி பிடிக்கும். 4கே 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி, அதற்கு எழுதும் வேகத்தைக் காட்டும் யூ3 குறி உள்ள கார்டு வேண்டும். பேட்டரியை உடம்புக்குள்ளேயே அடைத்துவைத்த கேமராவை நிகழ்ச்சிகளுக்கு எடுப்பவர் வாங்க வேண்டாம்.

போனும் ஸ்டில் கேமராவும் போதாதா என்று கேட்கலாம். சின்னச் சின்னக் காட்சிகளுக்குப் போதும். ஆனால் பழைய ஸ்டில் கேமராக்கள் பல 29 நிமிடம் 59 நொடியில் தானாக நின்றுவிடும். ஐரோப்பாவில் அதற்கு மேல் பதிவு செய்பவை ஒரு காலத்தில் வீடியோ கேமரா வரிக்குள் போய்விட்டதால் வந்த வழக்கம் அது. போனில் வேறு சிக்கல். வெளிச்சத்துக்கு ஏற்ப நொடிக்கு எத்தனை படம் என்பதை அது தானாகக் கூட்டிக் குறைக்கும். டிவிடியாக மாற்றும்போது முதல் ஐந்து நிமிடம் சரியாக இருக்கும், அரை மணி நேரத்தில் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். இங்கேதான் ஹேண்ட்பிரேக்: போன் வீடியோவை முதலில் அதில் போட்டு, மாறாத படவேகம் என்ற அமைப்பை வைத்து ஒருமுறை மாற்றி எடுத்துக்கொண்டு, அப்புறம் எடிட்டிங்குக்குப் போங்கள்.

கார்டிலிருந்து கணினிக்கு எடுக்கும்போது, படம் இருக்கும் எம்டிஎஸ் ஃபைல்களை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். முழு ஃபோல்டரையும் அப்படியே காப்பி செய்யுங்கள். நீண்ட காட்சியைக் கேமரா 2 அல்லது 4 ஜிபி துண்டுகளாக வெட்டித்தான் வைத்திருக்கும். எந்தத் துண்டுக்குப் பின் எது என்ற குறிப்பு அந்த ஃபோல்டரின் மற்ற ஃபைல்களில் இருக்கிறது. துண்டை மட்டும் எடுத்தால் ஒட்டும் இடத்தில் ஒலி ஒரு கணம் அறுந்துபோகலாம்.

படி 5: ஒரு நிமிட ஒத்திகை

இந்தப் படியைத் தாண்டாதீர்கள். கேமராவை இன்னும் திருப்பிக் கொடுக்க முடியும் என்ற நிலையிலேயே, முழுச் சங்கிலியையும் ஒரு நிமிட வீடியோவில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். கடையில் அனுமதித்தால் உங்கள் கார்டைப் போட்டு அங்கேயே எடுங்கள். ஒரு ஆள் குறுக்கே நடக்கட்டும், மங்கலான மூலை ஒன்று வரட்டும், ஜூமை மெதுவாக ஒருமுறை இழுங்கள், மூன்று மீட்டர் தள்ளி நின்று யாராவது பேசட்டும். அதைக் கணினியில் ஏற்றி, மெனு போட்டு, ஆர்டபிள்யூ டிஸ்க்கில் எழுதி, உண்மையிலேயே பார்க்கப்போகிறவரின் பிளேயரில் போடுங்கள். பிளேயர் ஆர்டபிள்யூ படிக்காத ரகம் என்றால் ஒரு சாதாரண டிஸ்க் செலவு.

முகம் சரியான வடிவில் இருக்கிறதா? குறுக்கே நடப்பவரின் கால் நடுங்குகிறதா? உதடும் குரலும் ஒன்றா? மெனுவின் எழுத்து ஓரத்தில் வெட்டுப்படுகிறதா? ரிமோட்டில் அடுத்த சாப்டருக்குத் தாவுகிறதா? எல்லாம் சரி என்றால் அந்த டிவிடிஸ்டைலர் அமைப்பைச் சேமித்து, இனி வரும் எல்லா டிஸ்க்குக்கும் அதையே அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாமா கதைக்குப் பிறகு நான் ஒத்திகை இல்லாமல் ஒரு பிரதிகூட எழுதியதில்லை.

படி 6: எழுதுவது

நேரே டிஸ்க்கில் எழுதாமல் முதலில் ஐஎஸ்ஓ ஃபைலாக, அதாவது முழு டிஸ்க்கையும் ஒரே ஃபைலில் அடக்கிய நகலாக, கணினியில் உருவாக்குங்கள். அதை விஎல்சி பிளேயரில் திறந்து மெனு வரை ஓட்டிப் பார்க்கலாம், எத்தனை பிரதி வேண்டுமானாலும் பிறகு எழுதலாம். இம்ஜ்பர்னில் ஐஎஸ்ஓவைக் கொடுத்து, வேகத்தை 8எக்ஸ் வைத்து, சரிபார்ப்பு டிக்கை எடுக்காமல் விடுங்கள். 16எக்ஸ் டிஸ்க்கை 16எக்ஸில் எழுதினால் மிச்சமாவது சில நிமிடம்தான். எழுதும்போது அந்தக் கணினியில் வேறு பெரிய வேலை ஓட வேண்டாம்.

எழுதிய டிவிடிக்குள் பதிவைத் தாங்குவது ஒரு சாயப் படலம். வெயிலும் சூடும் அதற்கு ஆகாது. கார் டேஷ்போர்டில் விட்ட டிஸ்க் ஒரு கோடையைத் தாண்டுவது கஷ்டம். ரொம்ப நாள் இருக்க வேண்டும் என்றால் சாயம் இல்லாமல் கனிமப் படலத்தில் எழுதும் எம்-டிஸ்க் வகை உண்டு, அதை எழுதத் தெரிந்த ரைட்டர் வேண்டும். வெற்று டிஸ்க் தயாரிப்பவர்களும் குறைந்துவருகிறார்கள். சோனி 2025 பிப்ரவரியில் எழுதக்கூடிய புளூரே டிஸ்க் தயாரிப்பை நிறுத்தியது. ஆகவே டிஸ்க் என்பது பார்க்க ஒரு பிரதி மட்டுமே. கேமராவின் மூல ஃபைல்களையும் ஐஎஸ்ஓவையும் இரண்டு தனித்தனி ஹார்டு டிரைவில் வையுங்கள், இரண்டும் ஒரே அலமாரியில் வேண்டாம். டிவிடிக்காகச் சுருக்கிய பிறகு மூலத்தை அழித்தால், அந்த 20-இல் ஒரு பங்குதான் உங்களுக்கு மிச்சம்.

டிஸ்க்கின் மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். கொஞ்சம் கோணலாக ஒட்டினாலும் சுழலும்போது ஆடும், நாளாக நாளாக உரிந்து பிளேயருக்குள் சுருண்டுகொள்ளும். டிஸ்க்கில் எழுதுவதற்கென்று விற்கும் மென்முனை மார்க்கரால் மேல்பக்கம் எழுதுங்கள், பால்பாயின்ட் பேனா வேண்டாம். வெறும் "விசேஷம்" என்று எழுதினால் பத்து டிஸ்க் சேர்ந்ததும் எது எந்த விசேஷம் என்று தெரியாது. யாருடையது, என்ன தேதி, எத்தனை நிமிடம், பாலா என்டிஎஸ்சியா. மை காய இரண்டு நிமிடம் விட்டு, பிறகு உறையில் போடுங்கள்.